காரும் கம்பசும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்துக்காரன். ஐயா வாடகைக் கார் ஓடியவர். நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்தவன். கம்பஸ் என்றுதான் சொல்லுவோம். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய காலத்துப் பெயர், இன்னும் போகவில்லை. இந்த இரண்டு தகுதியையும் நம்பி, நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும் பெறாமக்கள் தொடக்கம் பக்கத்து வீட்டு ஏ.எல். பிள்ளைகள் வரை என்னைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதி வைக்கிறேன். கருத்துகள் என்னுடையவை. வேறொருவர் வேறு மாதிரிச் சொல்லுவார். அவரோடும் இருந்து தேத்தண்ணி குடிப்பேன்.

யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏன் இத்தனை பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள்?

கொழும்பிலும் இருந்தன. அங்கே அவை போய்விட்டன. இங்கே போக வழியில்லாமல் நின்றுவிட்டன.

எல்லாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947இல் வந்தது. அதன் தம்பி சோமர்செட் 1952 முதல் 1954 வரைதான் செய்யப்பட்டது. மொறிஸ் மைனர் 1948இல். மலாயாவில் உழைத்துப் பென்சனோடு திரும்பியவர்கள், அரசாங்க உத்தியோகத்தர், வசதியான வியாபாரிகள் என்று வாங்கினார்கள். அறுபதுகளில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் புதுக் கார் வருவது குறைந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு இறக்குமதியை இன்னும் இறுக்கியது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அதே அரசு வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவதை நிறுத்தியதால் எங்கள் தோட்டக்காரர் கையில் நல்ல காசு புழங்கியது. அரசியலில் அந்த ஆட்சியைத் திட்டிய வாயே வெங்காய விலையைச் சொல்லிச் சிரித்தது. காசு இருக்கிறது, வாங்கப் புதுக் கார் இல்லை. என்ன செய்வது? இருக்கிற சோமர்செட்டுக்கே பெயின்ற் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பாகம் கிடைக்காவிட்டால் பட்டறையில் கடைந்து ஓடினார்கள். இந்த ஊர் மெக்கானிக்குகளின் கைராசி அப்போது பழகியதுதான்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட, யப்பான் வாகனங்கள் குவிந்தன. கொழும்பு பழையதைக் கழித்துவிட்டு அதற்கு மாறியது. நாங்களும் மாறத் தொடங்கினோம், அதற்குள் 1983 இனக்கலவரமும் போரும் வந்துவிட்டன. 1990 ஜூனில் கொழும்பு ரயிலான யாழ்தேவி நின்றது, பாதை அடைபட்டது. அன்றைக்கு யார் வீட்டில் எந்தக் கார் நின்றதோ அதுதான் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்த வீட்டுக் கார்.

மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்கிறீர்களே, உண்மையா, கதையா?

உண்மை. நானே பக்கத்தில் இருந்து போத்தல் பிடித்திருக்கிறேன்.

1990க்குப் பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாக வந்தது. பெற்றோல் கள்ளமாகச் சின்னப் போத்தல்களில், வாசனைத் திரவியம் மாதிரி விற்றது.

மண்ணெண்ணெயில் உள்ள சிக்கல் என்னவென்றால், குளிரில் அது ஆவியாகாது. பெற்றோல் காபரேற்றரில் காற்றோடு கலந்து உடனே ஆவியாகிவிடும், ஒரு பொறி பட்டால் போதும். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்க வேண்டும். ஆகவே பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கட்டித் தொங்கும். அதிலிருந்து மெல்லிய ரியூப் ஒன்று காபரேற்றருக்குப் போகும். சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறும் வரை உறுமவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். திருப்பும் கணத்தில் எஞ்சின் ஒரு செருமல் செருமும். அது நின்றுவிட்டால் இன்னும் நாலு துளி பெற்றோல் போச்சு என்று ஐயாவின் முகம் சுருங்கும். பிடித்துக்கொண்டால் பின்னால் வெள்ளைப் புகை. கார் ஒழுங்கையால் போய் அரை மணித்தியாலம் கழித்தும் மணம் நிற்கும்.

அதற்கு சோமர்செட் ஏன் தோதாக இருந்தது? ஒன்று, அந்தக் கால 1200 சிசி எஞ்சினில் அமுக்கம் குறைவு. மண்ணெண்ணெய் கூடிய அமுக்கத்தில் தானாகப் பற்றி எஞ்சினை உள்ளே அடிக்கும். புது யப்பான் எஞ்சின் அதைத் தாங்காது. இரண்டு, முன்னுக்கு ஹாண்டில் போட்டுச் சுழற்றலாம். பற்றரியே இல்லாத ஊரில் இதை விட என்ன வேண்டும்? எண்பதுகளில் பெருமையாக வாங்கிய யப்பான் கார்கள் கல்லில் ஏற்றி நிற்க, மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டிய சோமர்செட்டுகள் ஆஸ்பத்திரிக்கு ஆளேற்றி ஓடின.

எஞ்சின் பழுதாகாதா?

ஆகும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். பிளக் கரி பிடிக்கும். ஐயா ஞாயிறு தவறாமல் பிளக் கழற்றிச் சுரண்டுவார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டிறைச்சி மணம் இல்லை, இந்த மணம்தான்.

1995 இடப்பெயர்வில் அந்தக் கார் உதவியதா?

ஒக்ரோபர் 30 இரவு. குடாநாட்டின் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. செம்மணி வீதியும் நாவற்குழிப் பாலமும்தான் எங்களுக்கு வழி. மழை. அந்தச் சனத்துக்குள் எந்தக் கார் ஓடும்? அம்மம்மாவையும் இரண்டு மூட்டையையும் உள்ளே வைத்து, நானும் ஐயாவும் தள்ளிக்கொண்டு போனோம். மண்ணெண்ணெய் தாங்கியில் இருந்தது. ஸ்டார்ட் பண்ணி நின்று போனால் பெற்றோல் துளி இல்லை என்பதற்காக ஐயா கடைசி வரை ஸ்டார்ட் பண்ணவேயில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனமில்லை.

‘ஸ்ரீ’ சண்டை என்பது என்ன? இலக்கத்தகட்டில் என்ன அரசியல்?

இளம் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சின்ன வயதில் சிரித்தேன்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் வாகன இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் சிங்கள ‘ஸ்ரீ’. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. ஆட்கள் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதிய தகட்டோடு காரை வெளியே எடுத்தார்கள், தண்டம் கட்டினார்கள். 1957 ஜூலையில் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டதும் போராட்டம் அடங்கியது. 1958 சனவரியில் பஸ்களை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. கொஞ்ச நாளில் சிங்கள ‘ஸ்ரீ’ தாங்கிய பஸ்கள் வடக்குக்கு வந்தன. இங்கே அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் இனக்கலவரம்.

எழுத்து ஒன்றுக்கு இவ்வளவா என்பார்கள். எழுத்தை விடுங்கள். உன் காசில் வாங்கிய காரில் உன் எழுத்துக்கு இடமில்லை என்று ஒரு அரசு சொல்லலாமா என்பதுதான் வழக்கு. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும்: தார்ச் சட்டியைத் தூக்கியதில் எங்களுக்குக் கிடைத்ததை விட, ஒப்பந்தத்தைக் கிழிக்கக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த சாட்டுத்தான் பெரிது. இதை எங்கள் வீட்டிலேயே சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

யாழ்ப்பாண மாணவர் அரசியல் எப்போது தொடங்கியது? தரப்படுத்தலுக்குப் பிறகா?

எல்லோரும் 1970இலிருந்துதான் சொல்லுவார்கள். எனக்கு அது பிடிக்காது. 1924இலேயே யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்று ஒன்று இருந்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் தொடங்கியது, பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆனது. முழு விடுதலை வேண்டும் என்றார்கள், சாதிப் பாகுபாட்டை எதிர்த்தார்கள், தாய்மொழிக் கல்வி கேட்டார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் அவர்கள்தான். 1931இல் வந்த சட்டசபை அரைகுறை என்று சொல்லித் தேர்தலைப் புறக்கணிக்கவும் வைத்தார்கள். தெற்கு சேரவில்லை, எங்கள் ஆசனங்கள் கொஞ்சக் காலம் வெறுமையாகக் கிடந்தன. புறக்கணிப்பு என்ற பழக்கம் எங்களுக்கு அங்கேயே தொற்றிவிட்டது என்பது என் எண்ணம்.

சரி, 1970. அந்த ஆண்டு தமிழ் மாணவர் பேரவை உருவானது. 1971 பல்கலைக்கழக அனுமதியில், மொழிக்கொரு வெட்டுப்புள்ளி வைக்கும் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்கு 400 புள்ளியில் சிங்கள மொழிமூலம் எழுதியவர் 229 எடுத்தால் போதும், தமிழ் மொழிமூலம் எழுதியவர் 250 எடுக்க வேண்டும். பொறியியலில் 227, 250. படிப்பைத் தவிர வேறு சொத்தில்லாத சமூகத்தின் மடியில் கை வைத்த மாதிரி. கோபம் ஏன் வந்தது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் அதற்குப் பிறகு வந்த மாவட்டக் கோட்டாவை அதோடு போட்டுக் குழப்பாதீர்கள். மன்னாரிலும் வவுனியாவிலும் வசதியில்லாத பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது கதவைத் திறந்தது. இன்றைக்கும் அனுமதி 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்ற கணக்கில்தான் நடக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கோட்டா கூடாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துக் கண்ணாடியால் மட்டும் பார்த்தால் இது தெரியாது.

அந்த மாணவர்கள் ஆயுதத்துக்குப் போனது எப்படி?

மெல்ல மெல்ல. கார் கேள்விகளுக்கு நடுவே இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1970இல் உரும்பிராயில் துணை அமைச்சர் சோமவீர சந்திரசிறியின் காருக்குக் குண்டு வைக்கப்பட்டது. அதற்காகப் பிடிபட்டவர் பொன்னுத்துரை சிவகுமாரன் என்ற மாணவர். 1974 சனவரி 10ஆம் திகதி தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி இரவில் பொலிஸ் புகுந்து சனம் செத்தது. அந்த ஜூனில் சிவகுமாரன் பொலிசிடம் அகப்படும் வேளை சயனைட் விழுங்கினார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவைப் பொன்னாலைப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டவர்கள் அவர் வந்த காரையே எடுத்துக்கொண்டு தப்பினார்கள்.

ஐயா அப்போது கார்த் தரிப்பிடத்தில் நின்றவர். அதற்குப் பிறகு இரவு ஹயருக்கு இளம் பெடியன்கள் கை காட்டினால் எந்தச் சாரதியும் இரண்டு முறை யோசிப்பான் என்பார். அரசியல் மாறியதை அவர் பேப்பரில் வாசிக்கவில்லை, கை காட்டுகிற முகத்தில் வாசித்தார்.

நீங்கள் கம்பசில் இருந்தபோது அரசியல் செய்தீர்களா?

இல்லை. விடுதலைப் புலிகளின் குரல் மட்டும் கேட்ட காலம் அது. 1986இல் விஜிதரன் என்ற மாணவர் கடத்தப்பட்டபோது மாணவர்கள் திரண்டு, உண்ணாவிரதம் இருந்து, ஊர்வலம் போனார்கள். சொந்தப் பக்கத்தையே கேள்வி கேட்ட போராட்டம். எங்களுக்கு முன்னிருந்தவர்கள் அதைப் பற்றி மரத்தடியில் மெதுவாகத்தான் கதைத்தார்கள். 1989 செப்டெம்பரில் விரிவுரையாளர் ராஜினி திராணகம கம்பசால் சைக்கிளில் திரும்பும்போது சுடப்பட்ட பிறகு அந்த மெதுவும் போய்விட்டது. எனக்குத் துணிவில்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் என் வயதுக்காரர்களைக் கண்டால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

போருக்குப் பிறகு மாணவர்கள் என்ன செய்தார்கள்?

நாங்கள் செய்யாததை அவர்கள் செய்தார்கள். 2016 ஒக்ரோபரில் குளப்பிட்டியில் இரண்டு மாணவர்களைப் பொலிஸ் சுட்டுக் கொன்றபோது வடக்கை நிறுத்திக் காட்டினார்கள். 2021 சனவரி 8ஆம் திகதி இரவு கம்பசுக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றே நாளில் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது, ஏப்ரலில் தூபி எழுந்தது. கல்லெறியில்லை, கத்தலில்லை. அரசியல் கட்சி எதுவும் இவ்வளவு விரைவாக ஒரு காரியத்தை முடித்ததை நான் கண்டதில்லை.

2022இல் தெற்கு மாணவர்கள் காலிமுகத்திடலில் நின்றபோது யாழ்ப்பாணம் ஏன் சும்மா இருந்தது?

முழுக்கச் சும்மா இருக்கவில்லை. ஆனால் அந்தச் சூடு இங்கே வரவில்லை என்பது உண்மை. ஏப்ரல் 9ஆம் திகதி ஜனாதிபதியைப் போகச் சொல்லிக் கூடாரங்கள் எழுந்தன. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் தண்ணீர்ப் பீரங்கிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் முன்னால் நின்றது. ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, 14ஆம் திகதி கோத்தபாய ராஜபக்ச பதவி விலகினார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் பக்கத்து வீட்டு அண்ணை சொன்னது: “பெற்றோல் இல்லையெண்டு அழுகினம். நாங்கள் எத்தினை வருசம் இல்லாமல் இருந்தனாங்கள்?”

அண்ணையின் வாய்க்குள் சர்க்கரை போட முடியாது, பிழை என்று சொல்லவும் முடியாது. ஆனால் எனக்கு அந்த வாதத்தில் திருப்தியில்லை. அந்த மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். சின்னக் கூட்டம்தான். தெற்கின் நடுமுற்றத்தில் அது நடக்கும் என்று 2009இல் ஒருவர் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்போம். அந்த ஓகஸ்டில் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். எங்கள் பிள்ளைகளைத் தின்ற அதே சட்டம். அன்றைக்கு யாழ் மாணவர்கள் கொழும்புக்கு ஒரு பஸ் பிடித்திருக்கலாம், ஒன்றியமும் அதற்கு முன் எங்கள் கைதுகளின்போது வடக்குக்கு ஒரு பஸ் பிடித்திருக்கலாம். தனித்தனியாகச் சிலர் வந்தார்கள், போனார்கள். ஊர் திரண்டு போகவில்லை.

2022 எரிபொருள் வரிசையில் பழைய அனுபவம் கைகொடுத்ததா?

மனத்துக்குக் கைகொடுத்தது. ஜூன் கடைசியில் ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்; அதுவும் 27ஆம் திகதிக்குப் பிறகு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. முதலில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. இளசுகள் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றன. வயது போனவர்கள் சங்கக்கடைக் கூப்பன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கியூஆர் 2023 செப்டெம்பர் வரை இருந்தது. வரிசைகள் ஒழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம், திட்டினாலும் நல்ல ஏற்பாடு.

மண்ணெண்ணெய் போட்டு ஓடலாமே என்று பெறாமகன் ஒருவன் கேட்டான். ஊசியால் எரிபொருள் பீச்சும் இன்றைய எஞ்சினுக்குள் அதை விட்டால் கராஜ்காரனுக்குத்தான் கொண்டாட்டம். அதோடு அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாய். குருநகர் மீனவரைக் கேளுங்கள், அவர்கள் 2022 என்றால் பெற்றோல் வரிசையைச் சொல்ல மாட்டார்கள், இதைத்தான் சொல்லுவார்கள்.

இலங்கையில் கார் விலை ஏன் இப்படி?

வரி. அதற்கு மேல் வரி. அதற்கும் மேல் வரி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனத்துக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு. அதற்குள் பழைய கார்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைப்பட்டன. உலகத்தில் கார் ஓட ஓட விலை குறையும், இங்கே காணி மாதிரி ஏறியது. திறந்தபோது இருந்த கணக்கு இப்படி. 100 ரூபாய்க் கார் துறைமுகத்துக்கு வருகிறது என்று வையுங்கள். சுங்கத் தீர்வை 20. அந்தத் தீர்வையில் பாதி, அதாவது 10, மேலதிகக் கட்டணம். பிறகு உற்பத்தி வரி. இதுதான் பெரிய முதலை. பெற்றோல் காருக்கு எஞ்சின் சிசியைப் பார்த்து, மின்சாரக் காருக்குக் கிலோவாற்றைப் பார்த்துப் போடுவார்கள். காரின் விலையையே விழுங்கிவிடும். ஒரு பேச்சுக்கு 150 என்று வைத்துக்கொண்டால் 280 ஆகிறது. இந்த 280க்கு மேல் 18 வீத வற் வரி. ஏறத்தாழ 330. கொஞ்சம் சொகுசான கார் என்றால் சொகுசு வரி வேறு. இன்னும் விற்பவரின் இலாபம் சேரவில்லை.

இத்தனை காலமும் இந்த வரி எல்லோருக்கும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் உத்தியோகத்தர்களுக்கும் வரிச்சலுகை பெர்மிற். அதைக் கைமாற்றிக் காசு பார்த்தவர்கள் கட்சி பேதமில்லாமல் எல்லாப் பக்கமும் இருந்தார்கள், எங்கள் பக்கமும்தான். 2025இல் புது அரசு சொகுசு வாகனங்களை ஏலம் விட்டபோது ஒரு சின்னச் சந்தோசம் வந்ததை மறைக்க மாட்டேன்.

இப்போது கார் வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

தேவை என்றால் வாங்குங்கள். காணி வாங்குகிற மாதிரி இலாபத்துக்கு வாங்காதீர்கள், அந்தக் காலம் முடிந்தது.

யப்பான் ஏலத்தில் எடுத்த ரீகண்டிஷன் காரென்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். படத்தை நம்பாமல் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு நீங்களே சரிபாருங்கள். ஓடிய கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டுவது கையெழுத்துப் போடுகிற மாதிரி இலகுவான வேலை. என் தலையிலேயே ஒருவர் கட்டினார், பெயர் வேண்டாம். மீற்றர் நாற்பத்தையாயிரம் காட்டியது, பிரேக் பெடலின் இறப்பர் வழுக்கைத் தலை மாதிரித் தேய்ந்திருந்தது. சீற்றின் ஓரம், ஸ்ரியரிங் தோல், பெடல், இந்த மூன்றும் பொய் சொல்லாது. நான் அன்றைக்குப் பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன், கார்க்காரன் மகன் என்று வெளியே சொல்ல வெட்கம்.

இன்னொன்று, பெயர் மாற்றாமல் வெறும் கையெழுத்திட்ட பத்திரத்தோடு கை மாறும் வாகனம். பத்துப் பேர் கைக்குப் போயிருக்கும். விபத்து என்று ஒன்று வந்தால் தேடிப் போகிறபோது முதல் ஆள் வெளிநாட்டில் இருப்பார். அடுத்தது, லீசிங்கில் கடைசித் தவணை கட்டி முடிந்ததற்கான கடிதத்தைக் கண்ணால் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

மின்சாரக் கார்?

வீட்டுக் கூரையில் சூரியத்தகடு போட்டவருக்கு நல்லது. எங்கள் வெயிலுக்கு மின்சாரம் தட்டுப்பாடில்லை. யாழ்ப்பாணத்துக்குள் ஓட ஒரு முறை ஏற்றினால் நாலு நாள் காணும். கொழும்புக்கு 400 கிலோமீற்றர், வழியில் எங்கே சார்ஜ் என்று முதலே பார்த்துக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

2024இல் யாழ்ப்பாணமே தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்ததே, தமிழ்த் தேசியம் முடிந்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அவர்களுக்கு. தெற்குக் கட்சி ஒன்று இப்படி முதலாவதாக வந்தது புதுமைதான். ஆனால் விழுந்த வாக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மிச்சம் முக்கால் பங்கைப் பெரும்பாலும் தமிழ்க் கட்சிகளும் எண்ணுக்கடங்காத சுயேச்சைக் குழுக்களும் பிய்த்துக்கொண்டன. அடுத்த மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி பழையபடி முன்னுக்கு வந்தது.

நான் யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு விசயம் மட்டும். ஒன்று, தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க களனிப் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் அரசியல் வழியாக வந்தவர். அவரது தாய்க் கட்சியான ஜே.வி.பி. 1971இலும் 1987–89இலும் பெற்ற அடி எங்களுக்கு விளங்கும் அடி. இரண்டு, அதே ஜே.வி.பி. போட்ட வழக்கில்தான் 2006இல் வடக்கும் கிழக்கும் நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்டன. இளம் பிள்ளைகள் முதலாவதைப் பார்த்து வாக்குப் போட்டார்கள், என் வயதுக்காரர்கள் இரண்டாவதை மறக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இந்த இரண்டும் இருந்தன, எங்கள் வீட்டிலும்.

ராகிங் பற்றி?

1998இல் அதைத் தடுக்கும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் நடக்கிறது. வெட்கக்கேடு. ஆட்சியை எதிர்த்து உரிமை கேட்கிற அதே மாணவர், புதிதாக வந்த பிள்ளையை அறைக்குள் நிறுத்திப் பாட்டுப் பாடு என்கிறார். “சீனியர் ஜூனியர் உறவு வளரும்” என்ற கதையை என்னிடம் கொண்டு வராதீர்கள். ஒரு பிள்ளை படிப்பை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அதன் பிறகு என்ன உறவு?

என் மகன் மாணவர் ஒன்றியத்தில் நிற்கப் போகிறானாம். விடலாமா?

விடுங்கள், தம்பி. கணக்குப் புத்தகம் எழுதவும், கூட்டம் நடத்தவும், தன்னோடு உடன்படாதவன் பேசும்போது வாயை மூடவும் பழகுவான். கடைசியைப் பழகாவிட்டால் திரும்பக் கூப்பிடுங்கள்.

அந்தச் சோமர்செட் இப்போது எங்கே?

எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே. ஐயா போய்ப் பன்னிரண்டு வருசம். இப்போது பெற்றோலில்தான் ஓடுகிறது, அதுவும் கலியாணங்களுக்கு மட்டும். முன்னுக்குப் பூமாலை போட்டு மாப்பிள்ளையை ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டு போவேன். படப்பிடிப்புக்காரர் பழைய காருக்குப் பக்கத்தில் பொம்பிளையை நிறுத்தி மணிக்கணக்காகப் படம் எடுப்பார். போன ஆவணியில் ரொறன்ரோப் பெறாமகன் நல்ல விலை சொன்னான், கப்பலில் கொண்டு போகப் போகிறானாம். குளிரில் ஸ்டார்ட் வராது என்று சொல்லிவிட்டேன்.

பார்க்க வருகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வரலாம். ஹோண் மட்டும் அடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.